தொடக்கப்பள்ளிக்கு அப்பால்

அண்ணல் அம்பேத்கர் 1891-இல் மோவ் நகரில் பிறந்தார். சாத்தாராவில் பள்ளி சென்றபோது, வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியின்மீது தனியே அமர்ந்தே பாடங் கேட்டார். பள்ளி ஏவலர் வாராத நாளில் குடிநீரும் இல்லை. பம்பாயில் குடியேறியபின், தந்தையார் இராம்ஜி மணமான தம் புதல்வியரின் நகையைக் கேட்டு வாங்கி அடகுவைத்து மகனுக்கு நூல் வாங்கித் தந்தார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். நம் வீடுகளும் இதனை அறியுமன்றோ! 1907-இல் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து மெட்ரிகுலேஷன் தேறினார்.

தாம் கரையேறியது போதுமென்று அவர் அமர்ந்துவிடவில்லை. சிற்றூரில் தொடக்கக் கல்வி முடித்த பிள்ளைக்கு உயர்நிலைப் பள்ளியோ நகரில். அங்கே தீண்டப்படாதான் என்று ஒதுக்கப்பட்டவனுக்குத் தங்க இடந் தருபவர் யார்? சோறிடுபவர் யார்? எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த வாசலிலேயே நின்றுபோயிற்று. ஆகவே 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவிய அண்ணல், மறு ஆண்டே சோலாப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கென விடுதி திறந்தார். உணவு, உடை, எழுதுபொருட் செலவைச் சபை ஏற்றது. நகராட்சியும் சிறிது நல்கை அளித்தது. சட்டமன்றத்தில் முழங்கிய அண்ணலை நாம் அறிவோம். பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் கணக்குப் பார்த்த அண்ணலையும் நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1928-இல் இதே நோக்கத்துடன் ஒடுக்கப்பட்டோர் கல்விக் கழகத்தையும் அவர் தோற்றுவித்தார்.