மெனேசெஸ் அதிமேற்றிராணியார்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவார்க்கு இடர் இரண்டு உண்டு. அன்பு மிகுந்தவிடத்துக் குற்றம் கண்ணிற்படாது. வெறுப்பு மிகுந்தவிடத்துக் குணம் கண்ணிற்படாது. இவ்விரண்டிற்கும் இரையாகிய சரித்திரங்களுள் ஒன்று, கோவாவின் அதிமேற்றிராணியாராக விளங்கிய அலெய்ஷு தெ மெனேசெஸ் என்பாருடையது. சங்கரன்கோவிலிலிருந்து தென்மேற்கே தென்காசியும் செங்கோட்டையும் கடந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மலையிறங்குவோமாயின், அவரால் வாழ்வு மாறிய தொன்மைக் கிறிஸ்தவ சமூகத்தார் வாழும் மலையாள நாட்டை அடைவோம். அயல்நாட்டார் செய்தியேயாயினும் அது நம் அண்டை வீட்டுச் செய்தியாதலின், அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூற முற்படுகின்றோம்.

மெனேசெஸ் 1559ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரத்து உயர்குடியொன்றிற் பிறந்தவர். இளமையிலேயே உலக இன்பங்களைத் துறந்து அர்ச். அகுஸ்தீனார் சபையிற் சேர்ந்தார். 1595இல், தமது முப்பத்தாறாம் வயதில், கோவாவின் அதிமேற்றிராணியாராக அபிஷேகம் பெற்று இந்தியா வந்து சேர்ந்தார். அக்காலத்தில் போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின்கீழ் இருந்தன. கீழ்நாடுகளில் வேதம் பரப்பும் பொறுப்பும் உரிமையும் அவ்வரசர்க்கே பாப்பரசரால் அளிக்கப்பட்டிருந்தன. ஆதலின் மேற்றிராணியாரின் செங்கோலும் அரசரின் செங்கோலும் ஒரு கைப்பட்டனபோல் நின்றன. இதனை மறந்து மெனேசெஸின் செயல்களை அளக்கப் புகுதல் தவறாகும்.

மலையாள நாட்டு மார்த்தோமாக் கிறிஸ்தவர், போர்த்துக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் வேரூன்றியவர். சுரியானி மொழியில் வழிபட்டவர். கல்தேய நாட்டு மேற்றிராணிமாரைப் பெற்றவர். அர்க்கதியாக்கோன் என்னும் உள்நாட்டுத் தலைவரால் ஆளப்பட்டவர். 1597இல் அங்கமாலி மேற்றிராணியாரான மார் ஆபிரகாம் இறந்தனர். கல்தேயாவிலிருந்து மற்றொருவர் வந்து அவ்விடத்தை அடையாதபடி தடுக்குமாறு 8ஆம் கிளெமெந்து பாப்பரசர் முன்னரே மெனேசெஸுக்குக் கட்டளையிட்டிருந்தார். அர்க்கதியாக்கோன் ஜார்ஜ் என்பாரோ தம் முன்னோர் வழக்கத்தை விட்டுக்கொடுக்க எளிதில் இசைந்தாரல்லர்.

1599ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மெனேசெஸ் தாமே கொச்சிக்கு வந்தார். எதிர்ப்புக்கு அஞ்சாது ஊர்தோறும் சென்று பிரசங்கித்தார்; பலரைக் குருக்களாக்கினார்; கொச்சி அரசரின் துணையையும் பெற்றார். ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூட்டினார். குருக்கள் நூற்றைம்பதின்மருக்கு மேலும், பொதுமக்களின் பிரதிநிதிகள் அறுநூற்றுவருக்கு மேலும் அதிற் கூடினர். தீர்மானங்கள் போர்த்துக்கீசிய மொழியில் முன்னரே எழுதப்பெற்று, மலையாளத்தில் பெயர்த்து வாசிக்கப்பட்டன. ஏழு நாட்களில் ஒரு பழஞ்சபையின் நடைமுறை முழுதும் மாற்றப்பட்டது. கல்தேயத் தொடர்பு அறுந்தது. குருக்களின் திருமணம் விலக்கப்பட்டது. தப்பறை உடையனவென்று கருதப்பட்ட சுரியானி ஏடுகளைத் திருத்துதற்கோ அழித்தற்கோ ஒப்படைக்குமாறு விதிக்கப்பட்டது. அவற்றுட் பல தீக்கு இரையாயின.

அச்சங்கமே வேறு சிலவற்றையும் விதித்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொட்டும், முதலை வாழும் ஆற்றில் இறங்கியும் தம் குற்றமின்மையை மெய்ப்பிக்கும் கொடிய வழக்கத்தை விலக்கியது. ஆண்மக்கள் இல்லாவிடத்துப் பெண்மக்கள் தந்தையின் பொருளை இழத்தல் அநீதி என்றது. மெனேசெஸ் கோவாவிற் கன்னியர்க்கென 1606இல் அர்ச். மோனிக்கம்மாள் மடத்தை நிறுவியதையும் இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும். ஏடெரித்த கையும் இவற்றை எழுதிய கையும் ஒன்றே.

1607 முதல் 1609 வரை போர்த்துக்கீசிய இந்தியாவின் ஆளுநர் பதவியையும் அவர் தாங்கினார். பின்னர்த் தாய்நாடு திரும்பி, பிராகா நகரத்து அதிமேற்றிராணியாராகவும், போர்த்துக்கலின் அரசப் பிரதிநிதியாகவும் இருந்து, 1617இல் மத்ரித் நகரில் உயிர் நீத்தார்.

அவருடைய சகோதர துறவியாகிய அந்தோனியோ தெ கொவேயா, 1606இல் வெளியிட்ட நூலில் அவரை அப்போஸ்தலராகவே தீட்டினார். 1694இல் சங்கத் தீர்மானங்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட புரோட்டஸ்டாண்டு குருவாகிய மைக்கேல் கெடிஸ், அவரைக் கொடுங்கோலராகவே காட்டினார். ஒருவர் தம் சபைக்காக எழுதினார். மற்றவர் தம் சபைப் பூசலுக்காக எழுதினார். மலையாள நாட்டுக் கிறிஸ்தவர் இருவர்க்கும் கருவியாயினரேயன்றிச் சாட்சிகளாகவில்லை.

அக்கால வழக்கம் அது என்று சிலர் அமைதி கூறுவர். அதில் உண்மை உண்டு. எனினும் முழு உண்மை இல்லை. சங்கம் முடிந்து எட்டாண்டுக்குள் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் அக்காலத்தவரேயன்றோ? அவர் தமிழும் வடமொழியும் கற்று, இந்நாட்டு நடையுடையிலேயே தம் வேதத்தைப் போதித்தார். மெனேசெஸின் அருகிருந்த பிரான்சிஸ்கு ரோஸ் என்னும் சேசுசபைக் குருவும் சுரியானி கற்றவரே. ஆதலின் வேறு வழி இல்லாமலில்லை. மெனேசெஸின் பக்தியை யாம் ஐயுறவில்லை. அவர் தைரியத்தையும் மறுக்கவில்லை. ஒரு மக்களின் மொழியையும் மனத்தையும் தாமே அறியுமுன் அவர்க்குத் தீர்ப்பு எழுதியதும், அதற்கு அரசாங்க வலிமையைத் துணைக்கொண்டதுமே அவர் குறை. அதன் பயன் 1653இல் மட்டாஞ்சேரியில் விளங்கிற்று. சேசுசபையாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லையென்று அம்மக்கள் திரளாகக் கூடிச் சிலுவை முன் ஆணையிட்டனர்; ஒன்றாயிருந்த சமூகம் இரண்டாகப் பிரிந்தது. உரோமையோடு ஒன்றித்து நின்றோர்க்கும் தம் பழைய வழிபாட்டு முறை மீண்டும் சீர்ப்படுத்தி வழங்கப்பெற 1962 வரை காத்திருக்க நேர்ந்தது.

நடுநிலை என்பது புகழும் பழியும் சம எடையாக நிறுத்தல் என்று மாணவர் எண்ணலாகாது. இங்கே தராசின் ஒரு தட்டில் இருக்க வேண்டிய ஏடுகள் பல எரிந்துபோயின. எஞ்சியவற்றுட் பெரும்பாலான வென்றவர் எழுதியவை. அதனை அறிந்து, பேசாதவர்க்காகவும் செவிசாய்த்தலே நடுநிலையாகும். மறுபுறத்தே, மெனேசெஸின் தீர்மானங்களை ஒருமுறையேனும் படியாது அவரைத் தூற்றுவோர், படியாது எரித்தாரென்று அவர்மேற் சாட்டும் குற்றத்தையே தாமும் செய்வோராவர்.

சங்கனும் பதுமனும் தத்தம் தெய்வமே பெரிதென்று வழக்கிட்டதாகச் சங்கரன்கோவிற் புராணம் கூறும். அவர்க்குக் காட்டப்பட்ட திருமேனியில் இரு நிறமும் கலந்து ஒரு நிறமாகவில்லை. ஒவ்வொரு பாதியும் தன் அடையாளங்களோடு விளங்கியது. மனிதர் சரித்திரத்தையும் அவ்வாறே எழுதக் கற்போமாக. குணத்தைக் கொண்டு குற்றத்தை மறையாமலும், குற்றத்தைக் கொண்டு குணத்தை அழிக்காமலும் இரண்டையும் உள்ளவாறே காட்டுதல், இறந்தோர்க்கும் அவரால் வருந்தினோர்க்கும் நாம் செலுத்தவேண்டிய கடனாம்.