மண்ணுயிர்களுக்கு விருந்து வைத்தவர்

சேற்றுக் குளத்தில் குச்சியை விட்டுக் கிளறினால் குமிழ்கள் கிளம்பி வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அவற்றில் பெரும்பகுதி மீத்தேன் என்னும் எரியும் வாயு. சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் பெரும்பாலும் இதுவே. சேற்றில் உண்டாகும் மீத்தேன் முழுவதும் காற்றில் கலந்துவிடுவதில்லை. ஒரு பகுதியை வழியிலேயே உண்டு தீர்க்கும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பூமியின் வெப்பத்தைக் கூட்டும் வாயு இது என்பதால் அவை செய்யும் உதவி சிறிதன்று. அவற்றைப் பிடித்துக் காட்ட வழிவகுத்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் மார்ட்டினஸ் பெய்யரிங்க்.

1851-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர் பிறந்தார். தந்தையின் புகையிலை வியாபாரம் நொடித்துப் போகவே, குடும்பம் வறுமையில் வாடியது. எனினும் மகன் படிப்பை விடவில்லை. டெல்ஃப்ட் நகரில் இரசாயனம் பயின்றார். பின்னாளில் இரசாயனத்துக்கான முதல் நோபெல் பரிசைப் பெற்ற வான்ட் ஹாஃப் அங்கே அவருடைய தோழர். விவசாயப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தபின், 1885-இல் டெல்ஃப்டில் ஈஸ்ட் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1895-இல் தாம் படித்த கல்லூரியிலேயே பேராசிரியரானார்.

சிடுசிடுப்பான ஆசிரியர் அவர். மாணவர்களைக் கடிந்துகொள்வார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. ஆராய்ச்சி செய்வோர் மணம் முடிப்பதையும் விரும்பவில்லையாம்! ஆனால் அவர் வகுப்பில் மாட்டிய பெரிய படங்களை வரைந்து தந்தவர் அவருடைய சகோதரி ஹென்ரியெட். அந்த அம்மையாரின் பெயரையும் நாம் மறக்கலாகாது.

அவருடைய வழி என்ன? எல்லாருக்கும் பிடித்த பண்டத்தைத் திறந்து வைத்தால் எறும்பு, ஈ, காக்கை எல்லாம் வந்து மொய்க்கும். தேடி வந்த விருந்தாளி கூட்டத்தில் மறைந்துபோவார். ஆகவே எந்த உயிர் வேண்டுமோ அதற்கு மட்டும் ஏற்ற உணவையும் சூழலையும் அவர் அமைத்தார். மற்றவை பட்டினி கிடக்க, வேண்டியது மட்டும் பெருகிற்று. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்படுத்தும் அசோட்டோபாக்டர் இவ்வாறே 1901-இல் கிடைத்தது.

அவருடைய மாணவர் சோங்கன் அவ்வழியை மீத்தேனுக்குப் பயன்படுத்தினார். குடுவையில் தாது உப்புகள் கரைந்த நீர். அதன்மேல் மீத்தேனும் ஆக்சிஜனும். வேறு உணவே இல்லை. சில நாட்களில் நீரின்மேல் பாலாடைபோல் ஓர் ஏடு படர்ந்தது, வாயுவும் குறைந்தது. மீத்தேனையே உண்டு வாழும் பாக்டீரியா 1906-இல் உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

பெய்யரிங்க் 1921-இல் ஓய்வு பெற்றுக் கோர்சல் என்னும் சிற்றூருக்குச் சென்றார். 1931 புத்தாண்டு நாளன்று காலமானார்.

களர் உவர் நிலத்தை நாம் அறிவோம். வெண்மையாகப் பூத்துக் கிடக்கும்; பயிர் பிடிக்காது. அத்தகைய இடத்தில் இந்த நுண்ணுயிர்கள் பிழைக்குமா? ஊறுகாயில் உப்பு காயின் நீரை இழுத்துவிடுவதுபோல, அங்கே உப்பு அவற்றின் உடல் நீரை இழுத்துவிடுமே! ஆனால் அவற்றுள் சில, சர்க்கரை போன்ற பொருள்களைத் தமக்குள் சேர்த்துவைத்து நீரைக் காத்துக்கொள்கின்றன. மெக்சிகோ நகருக்கு அருகில், வற்றிய டெக்ஸ்கோகோ ஏரியின் கார மண்ணிலும் மீத்தேன் உண்ணும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. கென்யா நாட்டுச் சோடா ஏரிகளின் சேற்றிலிருந்து அவ்வகையில் ஒன்றைப் பிரித்தெடுத்த செய்தி 2000-இல் வெளியாயிற்று. அந்த ஆய்வில் பங்கு கொண்டது பெய்யரிங்க் பணிசெய்த அதே டெல்ஃப்ட். இம்முறை குடுவை நீரில் சோடாவும் உப்பும் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். மேலே விட்ட விருந்து முன்போலவே மீத்தேன்தான்.