தீவகத்தின் ஆசனமும் சேர் துரைசுவாமியும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணையில் 1874 ஆம் ஆண்டு பிறந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி, இலங்கை அரசாங்க சபையின் சபாநாயகராக 1936 முதல் 1947 வரை வீற்றிருந்தவர். அப்பதவியின் பெருமையே இன்றும் பெரும்பாலும் பேசப்படுகின்றது. ஆயினும், மக்கள் பிரதிநிதியின் ஆசனம் வெறுமையாகக் கிடந்தால் இழப்பவர் யார் என்பதை உணர்த்துவதிலேயே அவரது வாழ்க்கை நமக்குப் பெரிதும் பயன்படுகின்றது.

அவர் பிறந்த காலத்தில் தீவகத்தின் நிருவாகம் கச்சேரியில் தொடங்கிக் கச்சேரியிலேயே முடிந்தது. அரசாங்க அதிபருக்குக் கீழ் மணியகாரர், அவருக்குக் கீழ் உடையார், அடுத்து விதானையார் என அதிகாரம் மேலிருந்து இறங்கியது. 1861 ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின்படி 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும்; அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும். எந்த வீதி திருத்தப்படும் என்பதைத் தீர்மானித்த வீதிக் குழுக்களுக்கோ அரசாங்க அதிபரே தலைவர். 1871 ஆம் ஆண்டின் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வழிவகுத்தபோதும், அவை நீண்டகாலம் அதிகாரிகளின் நிழலிலேயே இயங்கின.

இச்சூழலில் வளர்ந்த துரைசுவாமி, கல்கத்தாவில் பட்டம் பெற்று, யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞராகப் புகழடைந்தார். 1921 இல் சட்டநிருபண சபை உறுப்பினரானார். 1931 இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையை வழங்கியது. ஆனால் அது பூரண சுயாட்சியைத் தரவில்லை எனக் கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தல் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது. ஊர்காவற்றுறை, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒரு வேட்புமனுவேனும் தாக்கல் செய்யப்படவில்லை. துரைசுவாமியும் ஒதுங்கி நின்றார்.

இலட்சியம் உயர்ந்ததே, விளைவோ கசப்பானது. புதிய சபையில் உள்ளூராட்சி, சுகாதாரம், கல்வி, போக்குவரத்து முதலிய துறைகளை ஏழு நிருவாகக் குழுக்கள் பகிர்ந்துகொண்டன. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஏதேனுமொரு குழுவில் இடமிருந்தது. தீவக மக்களுக்கோ மூன்று ஆண்டுகள் எக்குழுவிலும் குரல் இல்லை.

1936 இல் ஊர்காவற்றுறைத் தொகுதியிலிருந்து தெரிவான துரைசுவாமி சபாநாயகரானார். அவ்வாண்டு அமைந்த அமைச்சரவையில் எழுவரும் சிங்களவர். முஸ்லிம்களுள் ஒருவரேனும் அப்பொதுத் தேர்தலில் வெற்றிபெறவில்லை, டி. பி. ஜாயாவும் ஏ. ஆர். ஏ. ராசிக்கும் நியமன உறுப்பினர்களாகவே சபையில் அமர்ந்தனர். இத்தகைய சபையை நடுநிலையோடு நடத்திச் செல்லும் பொறுப்பு ஒரு தமிழரிடம் இருந்தது. விவாதத்தில் ஒரு பக்கம் நின்று வாதாட அப்பதவி இடந்தரவில்லை. எனினும் அவர் தம் தொகுதியை மறக்கவில்லை. கடலைக் கடந்து தீவகத்தை யாழ்ப்பாண நகரோடு இணைக்கும் பண்ணைத் தாம்போதி அவரது முயற்சியின் பயனென்றே தீவக மக்கள் நினைவுகூர்கின்றனர். சைவரும் கத்தோலிக்கரும் மண்கும்பான், நயினாதீவு முஸ்லிம்களும் பேதமின்றிப் பயன்கொண்ட வழி அது.

1947 பொதுத் தேர்தலில் வாக்காளர்கள் ஏ. எல். தம்பிஐயாவைத் தெரிவுசெய்தனர். தோல்வியுற்ற சேர் துரைசுவாமி 1966 இல் காலமானார். தேர்ந்தெடுத்த மக்களே விலக்கவும் முடிந்தது என்பதில்தான் மணியகாரர் ஆட்சிக்கும் மக்களாட்சிக்குமுள்ள வேறுபாடு அடங்கியுள்ளது.

1987 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி அமைந்த பிரதேச சபைகள் இன்று வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, காரைநகர் ஆகிய இடங்களில் இயங்குகின்றன. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலும் குடிநீர்த் திட்டங்கள் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பிலும் உள்ளன. இவ்வமைப்புகளுக்குத் தேர்ச்சிபெற்ற அதிகாரிகள் அவசியம். ஆனால் நெடுந்தீவின் நோயாளி படகுக்காகக் காத்திருக்கும் துயரத்தை அவர்களிடம் எடுத்துரைத்துப் பதில் கேட்கும் உரிமை, மக்களின் வாக்கைப் பெற்றவருக்கே முழுமையாக உண்டு.

2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே 6 ஆம் திகதி வரை தேர்தல் நடைபெறவில்லை. அவ்விரண்டு ஆண்டுகளும் அதிகாரிகளே சபைகளை நடத்தினர். 1931 இல் ஆசனத்தை வெறுமையாக்கியது மக்களின் முடிவு. 2023 இல் அதனைச் செய்தது அரசு. இரண்டிலும் இழப்பு ஊருக்கே. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோ வாக்களிக்கும் ஊரையே இழந்து நின்றனர். மீளக் குடியேறுவோர் ஒவ்வொருவரது பெயரும் வாக்காளர் இடாப்பில் இடம்பெறுவதும், சபைத் தேர்தல்கள் உரிய காலத்தில் நடைபெறுவதும் உறுதிசெய்யப்பட வேண்டும். வேலணை மண்ணின் அப்பெருமகனுக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.