லாகூர்ச் சிறையில் மாண்டவன்

பாகிஸ்தானத்து லாகூரில் நூறு சிறுவர்களைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஜாவேத் இக்பால், தண்டனை நிறைவேறுமுன்னரே மாண்டான். அவனுடைய சரிதம் அவனை மட்டுமின்றி அந்நாட்டுச் சர்க்காரையும் குற்றஞ் சாட்டுகிறது.

வசதியுள்ள வியாபாரியின் மகன் அவன். 1999-ஆம் ஆண்டு இறுதியில், தன் கொலைகளை விவரித்துப் போலீஸாருக்கும் ஒரு பத்திரிகைக்கும் தானே கடிதம் எழுதினான். அதுவரை அத்தனை பாலர்கள் மறைந்தது அதிகாரிகளின் கருத்தில் படவில்லை. பெரும்பாலோர் வீட்டைவிட்டு ஓடி வீதியில் திரிந்த ஏழைப் பிள்ளைகளல்லவா! போலீஸார் எங்கும் தேடியும் அகப்படாதவன், டிசம்பர் 30-ஆம் தேதி ஜங் பத்திரிகாலயத்துக்குத் தானே வந்து சரணடைந்தான்.

கோர்ட்டில் தன் வாக்குமூலத்தை மறுத்தான். 2000 மார்ச்சில் நீதிபதி மரண தண்டனை விதித்தார். பெற்றோர் முன்னிலையில் கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை நூறு துண்டாக்கித் திராவகத்தில் கரைக்க வேண்டுமாம்! இது நீதியன்று, பழி. அவ்வாறு செய்ய இயலாதென்று உள்நாட்டு மந்திரியே மறுக்க நேர்ந்தது.

2001 அக்டோபரில், அப்பீல் முடியுமுன், உடன் தண்டிக்கப்பட்ட இளைஞனோடு அவனும் சிறையில் பிணமாகக் கிடந்தான். தற்கொலை என்றனர் அதிகாரிகள். ஐயம் தீரவில்லை, வழக்கும் முடிவு காணவில்லை.

கொடியவனுக்காக நாம் இரங்க வேண்டுவதில்லை. ஆயின், காணாமற்போன ஏழைப் பிள்ளையை அன்றே தேடாத ராஜ்யம், பிற்பாடு எத்துணைக் கொடிய தண்டனை விதித்தும் பயன் யாது?