ஐடா ஸ்கடர் அம்மையார்

வடுகபட்டியின் தோட்டங்களில் நின்று வடக்கே நோக்குவார்க்குக் கொடைக்கானல் மலை நீலத்திரை விரித்தாற்போலத் தோன்றும். அம்மலைமேல், 1960ஆம் ஆண்டில், 89ஆம் அகவையில் இவ்வுலக வாழ்வை நீத்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

இவர் 1870ஆம் ஆண்டில் இராணிப்பேட்டையில் பிறந்தவர், மருத்துவர் குடியினர். எனினும், மருத்துவம் கற்கும் வேட்கை இளமையில் இவர்க்கில்லை. நோயுற்ற அன்னைக்கு உதவத் திண்டிவனம் வந்திருந்த காலத்தில், ஓரிரவு, மூன்று வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து, மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியரைக் காத்தருளுமாறு இவரை வேண்டினர். தந்தையார் மருத்துவரே, ஆனால் ஆடவர் வருதலை அவர்கள் ஒப்பவில்லை. இவரோ ஏதும் கல்லாதவர். பொழுது புலர்ந்தபோது மூன்று பெண்டிரும் மாண்டனர் என்னும் செய்தி வந்தது.

அவ்விரவே அம்மையாரைக் கல்விக்கு அனுப்பிற்று. அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று மீண்டார். 1902இல் வேலூரில் 40 படுக்கைகளோடு மருத்துவமனை ஒன்று எழுந்தது. மருத்துவர் மருந்து கூறிச் சென்றபின், நோயாளியின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பவர் செவிலியர் அல்லரோ? பிறர் புண்ணைத் தொட்டுக் கழுவுவதை இழிதொழிலாகக் கருதி, மகளிரை அப்பணிக்கு விடப் பெற்றோர் தயங்கிய அக்காலத்தில், 1909இல் அம்மையார் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1918இல் மகளிர்க்கான மருத்துவப் பள்ளியும் தோன்றியது.

ஆண்டுகள் செல்ல, மருத்துவம் வேறு உருக்கொண்டது. குருதி ஏற்றுதலும், சில மணிக்கொருமுறை ஊசிவழிச் செலுத்த வேண்டிய பெனிசிலினும் வந்தன. முன்பு கற்றதே போதுமென்று சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிய செவிலி, இவற்றின்முன் என் செய்வாள்? மருத்துவப் பள்ளிக்கும் இடர் நேர்ந்தது. பல்கலைக்கழகப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயராவிடின் அது நிலைக்க இயலாதென்னும் நிலை உண்டாயிற்று. ஓய்வுகொள்ள வேண்டிய 70ஆம் அகவையில், உலகப்போர் மூண்டிருந்த 1941இல், அம்மையார் பொருள் திரட்ட மீண்டும் அமெரிக்கா சென்றார். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கிட்டியது.

செவிலியர் கல்வியும் பின்தங்கவில்லை. 1946இல் வேலூரில் செவிலியர்க்குரிய பட்டப்படிப்புத் தொடங்கியது. இந்திய நாட்டில் அப்பட்டத்திற்குரிய கல்வியை முதன்முதல் அளித்த நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. பிற்காலத்தில் முதுகலைப் படிப்பும் அங்கே ஏற்பட்டது. பட்டப்படிப்புத் தொடங்கிய அவ்வாண்டிலேயே பொறுப்பினின்று விலகிய அம்மையார், எஞ்சிய நாள்களைக் கொடைக்கானல் மலையில் கழித்தார்.