குலுக்கலில் தோற்றவர் ஜனாதிபதி ஆனார்!

குட்டீஸ், நன்றாகப் படிக்கும் உங்களுக்குப் பெரிய பள்ளியில் இலவச இடம் கிடைக்கப் போகிறது. ஆனால், சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். உங்கள் பெயர் வரவில்லை. என்ன செய்வீர்கள்? அழுவீர்கள் அல்லவா? அர்ஜென்டினாவில் ஒரு சிறுவனுக்கு அப்படித்தான் நடந்தது. அவர்தான் டொமிங்கோ பாஸ்டினோ சார்மியென்டோ.

இவர் 1811ம் ஆண்டு பிப்ரவரி 15ம் தேதி, ஆண்டிஸ் மலையடிவாரத்தில் உள்ள சான் குவான் நகரில் பிறந்தார். ஏழைக் குடும்பம். தாயார் பவுலா, வீட்டு முற்றத்தில் அத்தி மரத்தடியில் தறி போட்டுத் துணி நெய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். ஐந்து வயதில் பள்ளிக்குப் போன சார்மியென்டோ, படிப்பில் கெட்டிக்காரராக விளங்கினார்.

1823ல், தலைநகர் பியூனஸ் அயர்சில் படிக்க, ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் ஆறு மாணவர்களுக்கு உதவித்தொகை தர அரசு முன்வந்தது. குலுக்கலில் அவர் பெயர் வரவில்லை. அதோடு அவரது பள்ளிப் படிப்பு நின்றே போனது.

சார்மியென்டோ சோர்ந்து போனாரா? இல்லை. பாதிரியாரான மாமாவிடம் பாடம் கற்றார். ஒரு சிறு கிராமத்தில் அந்த மாமாவோடு தங்கியிருந்தபோது, 15 வயதிலேயே ஆசிரியர் ஆனார். மாணவர்களில் சிலர் அவரை விட வயதில் மூத்தவர்கள்! பிறகு ஒரு கடையில் வேலை பார்த்தார். அங்கேயும் கையில் புத்தகம்தான்.

அப்போது நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தது. அவர் சேர்ந்திருந்த அணி தோற்றதால், 1831ல் பக்கத்து நாடான சிலிக்குத் தப்பிச் சென்றார். அங்கே சுரங்கத்திலும் வேலை செய்தார். ஆங்கிலம் கற்கச் சம்பளத்தில் பாதியை ஆசிரியருக்குக் கொடுத்தார். அதிகாலை 2 மணிக்குத் தன்னை எழுப்பிவிட, இரவுக் காவலாளிக்கும் காசு கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

ஊர் திரும்பியதும் 1839ல் பெண்களுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். ஆனால், சர்வாதிகாரி ரோசாசை எதிர்த்ததால், 1840ல் மீண்டும் சிலிக்கு ஓட வேண்டியதாயிற்று. அங்கே 1842ல், ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பள்ளியைத் தொடங்கி, அதன் தலைவரானார். 1845ல் 'பக்குந்தோ' என்ற புகழ்பெற்ற நூலை எழுதினார். பின்னர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, அங்குள்ள பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்த்தார்.

1852ல் ரோசாஸ் ஆட்சி கவிழ்ந்தது. சார்மியென்டோ சொந்த மாகாணத்தின் கவர்னராகவும், அமெரிக்காவில் தூதராகவும் பணியாற்றினார். 1866ல் பராகுவே போரில் தன் அன்பு மகனைப் பறிகொடுத்தார். அந்தச் சோகத்துக்குப் பின், 1868ல் அவர் வெளிநாட்டில் இருக்கும்போதே மக்கள் பிரதிநிதிகள் அவரை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர்!

1869ல் நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தினார். நூறு பேரில் எழுபதுக்கும் மேற்பட்டோருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை என்பது தெரிய வந்தது. உடனே வேலையில் இறங்கினார். நூற்றுக்கணக்கான பள்ளிகள் முளைத்தன. பள்ளிக்குச் சென்ற குழந்தைகள் சுமார் 30 ஆயிரத்திலிருந்து 1 லட்சமாக உயர்ந்தனர். பள்ளி கட்டினால் போதுமா, பாடம் நடத்த ஆள் வேண்டாமா? பாரானா நகரில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அமெரிக்காவிலிருந்து ஆசிரியைகளை வரவழைத்தார். ஊர்தோறும் நூலகம் அமைக்கச் சட்டம் கொண்டு வந்தார். கோர்டோபாவில் வானியல் ஆய்வகமும் தொடங்கினார்.

ஆனாலும், அவரிடம் குறையும் இருந்தது. பூர்வகுடி மக்களையும், மேய்ச்சல் நிலங்களில் வாழ்ந்த கவுச்சோக்களையும் நாகரிகம் இல்லாதவர்கள் என்று தாழ்த்தி எழுதினார். அது தவறு என்று அந்நாட்டிலேயே பலரும் கண்டிக்கின்றனர். எல்லாக் குழந்தைக்கும் கல்வி கேட்டவர், எல்லா மனிதரையும் சமமாகப் பார்க்கத் தவறிவிட்டார்.

1874ல் பதவி முடிந்த பிறகும் அவர் ஓயவில்லை. அவர் விடாமல் போராடியதன் பலனாக, 1884ல் அனைவருக்கும் இலவச, கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1888 செப்டம்பர் 11ல் பராகுவே நாட்டில் காலமானார். அந்த நாளைத்தான் அர்ஜென்டினா ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது.

பார்த்தீர்களா குட்டீஸ்! தனக்குப் படிப்பு சீட்டில் வரவில்லை. இனி எந்தக் குழந்தைக்கும் சீட்டுக் குலுக்க வேண்டாம் என்று ஆக்கிவிட்டார். நாளைக் காலை பள்ளி மணி அடிக்கும்போது, அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.