தீ விபத்து, 1% வரி, முதியோர் பென்ஷன்... அமெரிக்காவை மாற்றிய ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ்!

1911, மார்ச் 25. சனிக்கிழமை மாலை. நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தில் ஒரு தோழி வீட்டுக்கு டீ குடிக்க வந்திருந்தார் ஃபிரான்சிஸ் பெர்கின்ஸ். வயசு 30. திடீர்னு தெருவில் தீயணைப்பு வண்டிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பெண்களுக்கான மேல்சட்டை தைக்கும் டிரையாங்கிள் தொழிற்சாலை எரிந்துகொண்டிருந்தது. 9-வது மாடியில் ஒரு கதவு பூட்டிக்கிடந்தது. தீயணைப்பு ஏணியோ 6-வது மாடிவரைதான் எட்டியது. ஜன்னலிலிருந்து பெண்கள் குதித்ததைத் தன் கண்ணாலேயே பார்த்தார் ஃபிரான்சிஸ். 146 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் பிழைப்பு தேடிக் கப்பல் ஏறி வந்த குடும்பத்துப் பெண்கள். 14 வயசுக் குழந்தையும் அதில் உண்டு.

அதன் பிறகு தொழிற்சாலைகளை விசாரிக்கும் குழுவோடு வேலை பார்த்தார். அரசியல்வாதிகளிடம் அறிக்கை கொடுத்து நேரம் வீணடிக்கவில்லை. நேரில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். ஒரு தொழிற்சாலையில் தீ வந்தால் தப்பிக்கும் வழி என்று இருந்தது சுவரில் ஒரு சின்ன ஓட்டை. அதற்கு வெளியே பனி உறைந்த இரும்பு ஏணி. ராபர்ட் வாக்னர் என்ற பெரிய அரசியல் தலைவரையே அந்த ஓட்டைக்குள் தவழவைத்தார். செம ஆள் இல்லையா!

இன்னொரு விஷயம். ஆண்கள் அம்மாவைப் பார்த்தால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அதனால் 30-களிலேயே கறுப்பு டிரஸ், தொப்பி என அம்மா மாதிரி உடுத்த ஆரம்பித்துவிட்டார். ஃபேஷன்கூட அவருக்கு ஒரு வேலைக் கருவி.

வீட்டில் நிலைமை வேறு. 1913-ல் திருமணம். சில வருடங்களிலேயே கணவர் பால் வில்சனுக்கு மனநோய். மருத்துவமனைச் செலவு, மகளின் படிப்பு எல்லாம் ஃபிரான்சிஸின் சம்பளத்தில்தான்.

1933. அமெரிக்காவில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட் இவரைத் தொழிலாளர் துறை அமைச்சராக அழைத்தார். உடனே சரி சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி, வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை, முதியோர் பென்ஷன், மருத்துவக் காப்பீடு என ஒரு பட்டியலை நீட்டினார். அதற்கு அதிபர் சம்மதித்த பிறகுதான் பதவி. அமெரிக்க அமைச்சரவையின் முதல் பெண் அவர்தான்.

பென்ஷனுக்குச் சட்டம் போட்டால் உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. ஒரு நாள் நீதிபதி ஹார்லன் ஸ்டோன் வீட்டு டீ விருந்தில் தன் கவலையைச் சொன்னார் ஃபிரான்சிஸ். வரி போடும் அதிகாரத்தைப் பயன்படுத்தலாமே என்று அவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வழி கிடைத்துவிட்டது! 1934 கடைசியில், முடிவெடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்த குழுவினரைத் தன் வீட்டுக்கு அழைத்தார். போன் இணைப்பைத் துண்டித்து, மேஜையில் ஒரு விஸ்கி பாட்டிலை வைத்து, முடிவெடுக்காமல் யாரும் கிளம்பக் கூடாது என்று உட்காரவைத்துவிட்டார்.

1935, ஆகஸ்ட் 14. ரூஸ்வெல்ட் கையெழுத்திடும் போட்டோவில் அவருக்குப் பின்னால் நிற்கும் பெண் இவர்தான். 1937 முதல் தொழிலாளியின் சம்பளத்தில் 1%, முதலாளியிடமிருந்து இன்னொரு 1% பிடித்தார்கள். தன் காசையும் போட்டிருப்பதால், அதைப் பிச்சை என்று யாரும் சொல்ல முடியாது. நாளைக்கு எந்த அரசியல்வாதியும் லேசில் பிடுங்கவும் முடியாது. 1940-ல் முதல் மாதாந்தரச் செக் வாங்கியவர் ஐடா மே ஃபுல்லர். கட்டிய மொத்த வரி 24.75 டாலர். முதல் செக்கே 22.54 டாலர்! 100 வயசு வரை வாழ்ந்து 22,000 டாலருக்கும் மேல் வாங்கினார்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருந்ததையும் சொல்லித்தான் ஆகணும். ஆண்டுக்கு 3,000 டாலர் வரையிலான சம்பளத்துக்குத்தான் வரி. அதற்கு மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் இந்த வரி கிடையாது. பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலானோர் செய்த வேலையே அதுதான். அதாவது, இந்தப் பென்ஷன் ரொம்பவே தேவைப்பட்டவர்களில் பலருக்கு அது கிடைக்கவில்லை. 1950-களில்தான் அந்தக் கதவு திறந்தது.

1939-ல் அவரைப் பதவி நீக்கவே தீர்மானம் கொண்டுவந்தார்கள், தோற்றது. 1945 வரை அமைச்சராக இருந்தார். பட்டியலில் மருத்துவக் காப்பீடு மட்டும் டாக்டர்கள் சங்கத்தின் எதிர்ப்பால் நின்றுபோனது. 1965, மே 14-ல் ஃபிரான்சிஸ் இறந்தார். 65 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கையெழுத்தானது அதே வருடம் ஜூலை 30-ல்.